கடைசியில் நடப்பவள்

மணி இரண்டே முக்கால். திருச்செந்தூர் சாலை. முத்தையாபுரம் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் உப்பளம். மரம் கிடையாது. வீடு கிடையாது. சாலைக்கு இடது பக்கம் ஒட்டினாற்போல ஒரு ஓடை. கடல் தண்ணீர் அளத்துக்குப் போகிற ஓடை. இருட்டில் அது தெரியாது. நாற்றம்தான் தெரியும்.

மழை விடுகிற வரைக்கும் இந்தச் சரக்குக் கிட்டங்கியை விட்டு யாரும் போக முடியாது. அதனால் சொல்கிறேன். அரிக்கேனை இறக்கி வையுங்கள். கண்ணில் அடிக்கிறது.

எனக்கு நடந்ததல்ல. என் சிநேகிதன் வளனின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவர் பெயர் ரோச். வளன் இப்போது கொழும்பில் இருக்கிறான். இங்கே இருந்தால் அவனையே சொல்லச் சொல்லியிருப்பேன். சொல்வானா என்பது வேறு விஷயம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால். நாற்பத்து மூன்று, மாசி மாதம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருட்டடிப்பு. கடலோரத்தில் ஒரு விளக்கு தெரியக்கூடாது என்று உத்தரவு. லாரியின் முன்விளக்குகளுக்குக் கறுப்புச் சாயம் பூசி, நடுவில் ஓரணாக் காசு அளவுக்கு மட்டும் விட்டிருந்தார்கள். அந்த வெளிச்சம் இரண்டு கஜம் போகும். பெட்ரோலும் இல்லை. லாரி கரியில் ஓடியது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம். அதற்குள் கரி எரியும். அதிலிருந்து வருகிற புகைதான் இன்ஜினுக்கு. வண்டி ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்கு விசிறிக் கைப்பிடியை அரை மணி நேரம் சுற்ற வேண்டும். கை கழன்றுவிடும். அதனால் கரி லாரி ஓட்டுகிறவர்கள் வழியில் நிறுத்த மாட்டார்கள். எதற்கும் நிறுத்த மாட்டார்கள்.

ரோச் கொழும்பில் லாரி ஓட்டப் பழகியவர். யுத்தம் வந்ததும் ஊருக்குத் திரும்பி, ஒரு உப்பு வியாபாரியின் லாரியில் ஏறினார். நிதானமான ஆள். குடி கிடையாது. கிளீனர் பெயர் செந்தூர்பாண்டி. நாற்பது வயது இருக்கும். பின்னால் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றபடி வருவான்.

அன்றைக்கு லாரி காலி. அளத்துக்குப் போய் விடியும் முன் உப்பு ஏற்ற வேண்டும். பிறை இறங்கிவிட்டது. ரோச் கதவின் மேல் கையை வைத்து, தலையைக் கொஞ்சம் வெளியே நீட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். கண்ணால் பாதி. காதால் பாதி.

முன்னால் மணிச் சத்தம் கேட்டது.

மாட்டு மணி. சின்னது. நடைக்கு ஒரு அடி.

டவுனில் கருப்பட்டி இறக்கிவிட்டு உடன்குடிக்குத் திரும்புகிற வண்டிகள் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போகும். வண்டிக்காரன் தூங்குவான். மாடு நடக்கும். ஹார்ன் அடித்தால் மாடு தானாக இடது பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். லாரிக்காரர் வலது பக்கம் ஒடித்துத் தாண்டிவிடுவார். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. மணி இருந்தால் போதும்.

ரோச் ஹார்ன் ரப்பரை இரண்டு தடவை அழுத்தினார். வலது பக்கம் ஒடித்தார்.

ஒரு சத்தம்... பெரிய சத்தம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் ஒரே ஒரு தடவை அடித்தது போல.

மணி நின்றுவிட்டது.

ரோச் பிரேக்கில் காலை வைத்தார். அழுத்தவில்லை.

"ஏலே பாண்டி... என்னல அது?"

பின்னாலிருந்து பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது.

"கரி மூட்ட சரிஞ்சிட்டு அண்ணாச்சி. நீங்க ஓட்டுங்க."

ஓட்டினார்.

அளத்தில் இறங்கியதும் பின்பக்கம் போய்ப் பார்த்தார். இரண்டு கரி மூட்டைகள். இரண்டும் சாயங்காலம் கட்டிய கயிற்றோடு, கட்டிய இடத்திலேயே நின்றன. செந்தூர்பாண்டி குனிந்து டிரம்மின் அடியிலிருந்து சாம்பலை வாரிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ரோச் ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டா சொல்லிருப்பாம்லா?" என்கிறார், இங்கே என் எதிரில் உட்கார்ந்து கேட்கும் பால்துரை.

அதனால்தான் கேட்கவில்லை, பால்துரை.

விடிந்ததும் செய்தி வந்தது. சாலையில் ஒரு பெண் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறாள். உப்பு வாருகிறவள். பெயர் சுடலைமாடத்தி.

அவர்கள் பன்னிரண்டு பேர். வெயில் ஏறும் முன் வேலையை முடிக்க வேண்டும் என்று இரவிலேயே ஊரிலிருந்து கிளம்பி அளத்துக்கு நடப்பவர்கள். ஒற்றை வரிசையாக நடப்பார்கள். இருட்டில் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. சாலையில் வரிசையாக மதகுகள் உண்டு. ஒவ்வொரு மதகு வந்ததும் முன்னால் போகிற முத்துக்கனி திரும்பிப் பார்க்காமல் கேட்பாள்.

"கடைசி யாருளா?"

கடைசியில் வருகிறவள் சொல்வாள்.

"நாந்தான்."

நடுவில் யாராவது விழுந்தால் கடைசியில் வருகிறவள் கண்ணுக்குத் தப்ப முடியாது. அதனால் அந்த ஒரு குரல் கேட்டால் போதும். எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். முத்துக்கனி மேலே நடப்பாள். சுடலைமாடத்தி முத்துக்கனியின் நாத்தனார். எட்டு வருஷமாகக் கடைசியில் நடந்தவள்.

அன்று மூன்றாவது மதகில் முத்துக்கனி கேட்டாள். பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள். பிறகு எல்லோரும் வந்த வழியே திரும்பி ஓடினார்கள். சாலையின் வலது ஓரத்தில் கிடந்தாள். தலையில் வைத்திருந்த சும்மாடு மட்டும் தனியாக, சாலை நடுவில், கலையாமல் இருந்தது.

இரண்டாவது மதகுக்கும் மூன்றாவது மதகுக்கும் நடுவில் இரண்டு லாரிகள் தாண்டிப் போயிருக்கின்றன. முதலில் ஒன்று. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுக்கு நடக்கப் பெண்களுக்கு அதற்கு மேலேயே நேரம் ஆகும். எந்த லாரி அடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் லாரி ரோச்சுடையது. இரண்டாவது தாணுலிங்கம் என்கிற டிரைவருடையது. ரோச்சுக்குத் தெரிந்த பையன்தான். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்.

ஸ்டேஷன் ஏட்டு அளத்துக்கு வந்து இரண்டு லாரிகளையும் சுற்றிப் பார்த்தார். தாணுலிங்கத்தின் லாரியில் இடது மட்கார்டு நசுங்கியிருந்தது. அளத்துக் கல்தூணில் இடித்துவிட்டதாக அவன் சொன்னான். ரோச்சின் லாரியில் ஒன்றும் இல்லை. முன்பக்கம் சுத்தமாக இருந்தது. உப்பு லாரி எப்போதும் வெள்ளை பூத்துத்தான் இருக்கும். அன்று அந்த முன்பக்கத்தில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. யாரோ ஈரத்துணி வைத்துத் துடைத்திருந்தார்கள். ஏட்டு அதைக் கவனிக்கவில்லை. ரோச் கவனித்தார்.

"வழியில என்னத்தப் பாத்த?" என்று ஏட்டு கேட்டார்.

"ஒண்ணும் பாக்கல ஐயா. ஒரு மாட்டு வண்டி முன்னால போச்சு. மணி கேட்டுது. தாண்டி வந்துட்டேன்."

"பொம்பளையாளுவ?"

"பாக்கல."

அதில் பொய் இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

தாணுலிங்கத்திடம் கேட்டார்கள். வண்டியையும் பார்க்கவில்லை, மணியும் கேட்கவில்லை என்றான். ஏட்டு சிரித்தார்.

"முன்ன போனவன் வண்டியத் தாண்டிருக்கான். பத்து நிமிசம் பின்ன வந்த ஒனக்கு வண்டியும் இல்ல, மணியும் இல்ல. வண்டி என்ன ஓடையில முங்கிட்டா?"

தாணுலிங்கத்தைக் கூட்டிப் போனார்கள்.

மறுநாள் செந்தூர்பாண்டி வரவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் தாயாருக்குச் சீக்கு என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போயிருந்தான். லாரியில் அவன் போர்வை அப்படியே கிடந்தது. மாசிப் பனியில் போர்வை இல்லாமல் போயிருக்கிறான். ரோச் அதை எடுத்து உதறினார். கரி நாற்றம். அதன் ஒரு மூலை ஈரமாக இருந்து காய்ந்து, விறைப்பாக நின்றது. மடித்து ஓரமாக வைத்தார்.

அன்று இரவிலிருந்து ஆரம்பித்தது.

தனியாகத்தான் ஓட்டினார். இரண்டாவது மதகைத் தாண்டினார். மணி கேட்டது. இந்தத் தடவை முன்னால் இல்லை. பின்னால்.

வண்டிதான் என்று நினைத்தார். லாரி போகப் போக வண்டியின் மணி தேய்ந்துவிட வேண்டும். தேயவில்லை. வேகத்தைக் கூட்டினார். கரி லாரிக்கு என்ன வேகம்... இருந்தாலும் எந்த மாடும் அந்த வேகத்தில் ஓடாது. மணி அதே தூரத்தில் வந்தது. ஓட்டமாக இல்லை. அதே நடை. நடைக்கு ஒரு அடி.

மூன்றாவது மதகில் நின்றுவிட்டது.

லாரியில் எங்கேயோ மணி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தார். அளத்தில் லாரிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு இடமாகக் கைவிட்டுப் பார்த்தார். அச்சு, பட்டை, மட்கார்டின் உள்பக்கம். கரி டிரம்மைக்கூட ஆறவிட்டுக் கொட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பாண்டி வேண்டுமென்றே ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தார். மூன்று நாள் அப்படி நினைத்தார். நான்காம் நாள் அந்த நினைப்பும் நிற்கவில்லை.

தாணுலிங்கத்தைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனார். வராந்தாவில் அவன் மனைவி செல்லக்கனி தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். ஆறு மாத வயிறு. ரோச்சைப் பார்த்ததும் எழுந்தாள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

தாணுலிங்கம் கம்பிக்கு அருகில் வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, நீங்க எனக்கு முந்திதான போனிய? அந்த மாட்டு வண்டி எந்தப் பக்கம் திரும்பிச்சின்னு சொல்லுங்க. வண்டிக்காரனப் பிடிச்சாப் போதும். ஒரு பொம்பளையாளு அப்ப உசிரோட நடந்தாளா இல்லியான்னு அவன் சொல்லிருவாம்லா?"

"தேடுதாவ" என்றார் ரோச்.

"மணி கேட்டுதுன்னு சொன்னியளே... நெசமாக் கேட்டுதா?"

"கேட்டுது."

"எனக்குக் கேக்கலியே அண்ணாச்சி" என்றான் தாணுலிங்கம். குறையாகச் சொல்லவில்லை. அதிசயமாகச் சொன்னான்.

ரோச் தானே வண்டியைத் தேடினார். கருப்பட்டி வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒரு வண்டிக்காரர் புகையிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கா? அன்னைக்கு எங்க ஊர்ல கோயில் கொடை. ஒரு பய வண்டி கட்டல."

"வேற ஊரு வண்டி?"

"இங்கன வந்து போற வண்டில எனக்குத் தெரியாத மணி கிடையாது. நீரு என்னத்தக் கேட்டீரோ."

தவக்காலம் வந்தது. மாதா கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. ரோச்சும் போய் நின்றார். கடைசியில் நின்றார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முழங்காலிட்டு எழுந்து போனார்கள். தன் முறை வந்தபோது சாமியார் கூண்டுக்குள் செருமுகிற சத்தம் கேட்டது. ரோச் திரும்பி வெளியே நடந்துவிட்டார். செய்தோமா இல்லையா என்று தெரியாத ஒன்றை எந்த வார்த்தையில் சொல்வது. சொன்னால் அது நடந்ததாக ஆகிவிடும். சொல்லாவிட்டால் கம்பிக்குப் பின்னால் ஒருவன் இருக்கிறான்.

அவர் மனைவி ஆக்னஸ் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். மீன் துண்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டு ஞாயிறா பூசையில நன்மை வாங்கலிய. என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணும் செய்யாத ஆளு எதுக்கு நடுச்சாமத்துல லாரிக்கு அடியில படுத்துக் கெடக்கிய? வாட்ச்மேன் சொல்லுதான்."

அவர் கையைக் கழுவிவிட்டார்.

பதினேழாவது நாள், மத்தியானம், முத்துக்கனி அவர் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். காலில் உப்பு அரித்த வெடிப்புகள். ஆக்னஸ் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தாள்.

"அண்ணாச்சி, மாட்டு வண்டி மணி கேட்டுதுன்னு ஏட்டையாட்ட நீங்கதான சொன்னிய?"

"ஆமா."

"எப்படிக் கேட்டுது?"

ரோச் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"முந்தி கடைசில வாரவ கையில அரிக்கேன் இருக்கும்" என்றாள் முத்துக்கனி. "பின்னால வார வண்டிக்காரன் பாக்கட்டும்னு. வெளக்கு கூடாதுன்னு போலீசுக்காரவ பிடுங்கிட்டுப் போயிட்டாவ. பொறவு எங்க வீட்ல செத்துப்போன மாட்டோட மணியக் கழத்தி நாந்தான் அவ இடுப்புல கட்டிவிட்டேன். கண்ணு தெரியலன்னாலும் காது கேக்கும்லான்னு. எங்களுக்குப் பழகிப்போன சத்தம், அன்னைக்கு எங்கன நின்னுச்சுன்னு ஒருத்தியும் கவனிக்கல."

ரோச் கேட்டார்.

"லாரிக்காரவளுக்குச் சொன்னியளா?"

"யாருக்குச் சொல்ல? லாரிக்காரவ எங்க நிக்கிய நாங்க சொல்ல?"

முத்துக்கனி சொம்பை ஆக்னஸிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"ஹார்ன் அடிச்சா மாடு எடதுல ஒதுங்கும். நாங்க எப்படி ஒதுங்க? எடதுல ஓடை. வலது பக்கம்தான் ஓடுவோம்."

அவர் வலது பக்கம் ஒடித்தார். அவளும் வலது பக்கம் ஓடினாள்.

"மணி கெடைச்சுதா?" என்று ரோச் கேட்டார்.

"இல்ல. அவ இடுப்புல கயிறு மட்டும் இருந்துச்சு."

"அது... வண்டியாவும் இருக்கலாம்லா. நான் கேட்டது."

முத்துக்கனி அவரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் ரோச்சுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வளனிடம் அவர் அப்படித்தான் சொன்னாராம்.

"இருக்கலாம்" என்றாள். "ஸ்டேசனுக்கு வந்து சத்தம் போட எனக்கு நேரம் இல்ல அண்ணாச்சி. ஒரு நாளு எங்க கூடக் கடைசில நடந்து வாங்க. எதுக்குன்னு கேக்காதிய."

போனார். ஏன் போனார் என்று கேட்காதீர்கள். தான் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் போனார் என்று வளன் சொல்கிறான். இருக்கலாம்.

வியாழக்கிழமை இரவு. இரண்டு மணிக்கு முத்தையாபுரம் கடைசி வீட்டுப் பக்கத்தில் நின்றார்கள். பதினோரு பேர். தலையில் சும்மாடு, தோளில் உப்பு வாருகிற பலகை. ரோச் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார்.

"ஏளா, லாரிக்காரருக்கு நடக்கத் தெரியுமா?" என்றது ஒரு குரல்.

"கரி போட்டுக் கைப்பிடியச் சுத்துனா நடப்பாவ" என்றது இன்னொரு குரல்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முத்துக்கனி சிரிக்கவில்லை. வரிசை நகர்ந்தது. ரோச் கடைசியில்.

ஒருவரும் மணி கட்டியிருக்கவில்லை. அதை அவர் நன்றாகக் கவனித்துக்கொண்டார்.

இருபது வருஷமாக வண்டி ஓட்டியவர். அந்தச் சாலையில் கால் வைத்து நடந்ததில்லை. முன்னால் போகிறவளின் முதுகு தெரியவில்லை. பலகை உரசுகிற சத்தத்தை வைத்து நடந்தார். இடது பக்கம் ஓடை நாற்றம். ஜல்லி பாதத்தில் குத்தியது.

முதல் மதகு.

"கடைசி யாருளா?"

"நான்" என்றார் ரோச்.

வரிசை நடந்தது. இரண்டாவது மதகு.

"கடைசி யாருளா?"

"நான்."

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. பட்டாள லாரி. நிஜமான லாரிதான். முதலில் தரை அதிர்ந்தது. பிறகு சத்தம். வெளிச்சம் வரவே இல்லை. எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியவில்லை. சாலை முழுக்க வருவது போல இருந்தது. ஹார்ன் அடித்தது. பதினோரு பேரும் வலது பக்கம் பாய்ந்தார்கள். ரோச்சின் கால்களும் வலது பக்கம் பாய்ந்தன. அவர் யோசிக்கவில்லை. கால்களே போயின. லாரி தாண்டும்போது அதன் காற்று அவர் வேட்டியை இழுத்தது. ஓட்டியவர் ஒரு மனிதரையும் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தெரியும்.

புழுதி அடங்கியது. வரிசை மறுபடி சாலையில் ஏறியது. ரோச் கடைசியில் ஏறினார்.

அப்போது கேட்டது.

பின்னால். பக்கத்தில். லாரியில் கேட்ட தூரம் இல்லை. நாலு அடி தூரம் இருக்கும். நடைக்கு ஒரு அடி... அவர் நின்றார். அது நின்றது. நடந்தார். நடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய சேலையின் வாடை வந்தது. ஈரச் சேலை. காலோடு ஒட்டி ஒட்டி விலகுகிற சத்தமும் இருந்தது.

மூன்றாவது மதகு.

"கடைசி யாருளா?"

ரோச் வாயைத் திறந்தார்.

"நாந்தான்."

அவர் சொல்லவில்லை. அவர் வாய் திறந்தபடி இருந்தது. குரல் அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பெண் குரல். சலிப்பான குரல். எட்டு வருஷமாகத் தினமும் சொல்கிறவள் எப்படிச் சொல்வாளோ அப்படி.

முன்னால் வரிசை நின்றுவிட்டது. முத்துக்கனி மறுபடி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வரிசை நகர்ந்தது.

அளத்தில் விடிந்தது. பெண்கள் பாத்திகளில் இறங்கினார்கள். ரோச் வரப்பில் உட்கார்ந்திருந்தார். முத்துக்கனி வந்து, எட்டவே நின்றாள்.

"அது உங்க கொரல் இல்லல்லா?"

"இல்ல."

"அவ போன நாள்ல இருந்து நாங்க பதினோரு பேரும் மாத்தி மாத்திக் கடைசில நடந்தோம். நானும் நடந்தேன். ஒருத்திக்குப் பின்னாலயும் அவ வரல."

அவ்வளவுதான் சொன்னாள். பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டாள்.

ரோச் அங்கிருந்தே நடந்து ஸ்டேஷனுக்குப் போனார். ஆறு மைல். சாலை ஓரமாகவே நடந்தார். ஏட்டு பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டி இல்ல ஐயா. மணி அந்தப் பொம்பள இடுப்புல இருந்துச்சு. மணி என் லாரியோட நின்னுட்டு. பத்து நிமிசம் கழிச்சு வந்தவனுக்கு அதான் கேக்கல. தாணுலிங்கத்த விட்டுருங்க."

ஏட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து காகிதத்தை எடுத்தார்.

"இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னா?"

"பாதி, அளத்துப் பொம்பளையாளு ஒருத்தி. முத்துக்கனி."

"மீதி?"

"கடைசில வந்தவ."

"அவ பேரு?"

"சுடலைமாடத்தி."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். முத்துக்கனி பெயரை மட்டும் எழுதிக்கொண்டார் என்று கேள்வி.

தாணுலிங்கத்தை விட்டார்கள். ரோச்சுக்குக் கோர்ட்டில் நாலு மாதம் கிடைத்தது. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். செந்தூர்பாண்டியைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். கரி மூட்டை சரிந்தது என்றே கடைசி வரை சொன்னான். மணி இன்று வரைக்கும் கிடைக்கவில்லை.

ஜெயிலிலிருந்து வந்ததும் ரோச் முதலில் லாரிகள் நிற்கிற இடத்துக்குத்தான் போனார். ஒவ்வொரு டிரைவரிடமும் சொன்னார். "மணி கேட்டா மாடுன்னு நெனைக்காதிய. மனுசனும் மணி கட்டுவான்." சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், இவருக்கு ஜெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றார்கள். தாணுலிங்கம் அங்கேதான் நின்றிருந்தான். தன் லாரியில் ஏறிப் போனான்.

"அவ்வளவுதானா?" என்கிறார் பால்துரை. "அதுக்குப் பொறவு மணி கேக்கலியா?"

அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ரோச் அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. தோணி கட்டுகிற இடத்தில் காவல் வேலை. தினமும் விடியும் முன் முதல் பூசைக்கு நடந்து போவார். வளன் அப்போது அவர் வீட்டில் தங்கி ஹார்பரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தனியாக விடாதே என்று ஆக்னஸ் சொல்லியிருந்ததால் கூடவே போவான். சித்தப்பா முன்னால். வளன் பின்னால். ஒவ்வொரு தெருமுனை வந்ததும் சித்தப்பா நிற்பார். திரும்ப மாட்டார்.

"கடைசி யாரு?" என்பார்.

"நாந்தான் சித்தப்பா" என்பான் வளன்.

அதன் பிறகுதான் நடப்பார். முதலில் வளனுக்குச் சிரிப்பு வந்ததாம். பிறகு பழகிவிட்டது. பழகிய பிறகு பயம் வந்ததாம். ஏனென்றால் சில நாட்கள் அவன் பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தால், அவன் சொல்லும் முன்பே அவர் நடக்க ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாள் வளனுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. சித்தப்பா தனியாகப் புறப்பட்டார். ஆக்னஸ் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. அதை அவள் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்வாள்.

தெருமுனையில் நின்றார்.

"கடைசி யாரு?"

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

எப்போதும் தெருவின் இடது ஓரத்தை ஒட்டியே நடக்கிறவர் அவர். அன்று அந்த ஓரத்தை, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு, விட்டுவிட்டு நடுரோட்டில் ஏறினார். நடையைக் குறைத்தார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறபோது குறைப்பார்களே, அந்த அளவுக்கு.